பழைய லீஃபில் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கில்ஸும்: சார்ஜ் கணக்கு எப்படி?

கம்பளைக்காரி | வெள்ளி இரவு 9.40

வணக்கம். வீடு கம்பளையில. வாகனம் 2016 நிசான் லீஃப் மின்சாரக் கார், 30 யூனிட் பற்றரி, ஜப்பானில ஓடிட்டு வந்தது. பற்றரியோட பலத்தைக் காட்டுற 12 கோட்டில இப்ப 9 கோடுதான் நிக்குது. லீஃப் ஸ்பை ஆப்பில பார்த்தா புதுசில இருந்ததில 72 வீதம். ஸ்கூலுக்கும் கண்டிக்கும் ஓடுறதுக்கு இது தாராளம். 2022ல எல்லாரும் பெற்றோல் கியூவில நின்னப்போ இந்த வாகனம்தான் எங்க வீட்டைக் காப்பாத்துச்சு.

எங்க அம்மா நானுஓயா பக்கத்துத் தோட்டத்தில 31 வருசம் கொழுந்தெடுத்தவங்க. ஹோர்ட்டன் சமவெளி அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். ஒரு நாள்கூட போய்ப் பார்த்ததில்ல. வர்ற போயா லீவில கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்திட்டேன். நான், அம்மா, வீட்டுக்காரர், மகன், நாலு பேர். முதல் நாள் புசல்லாவை, ரம்பொடை வழியா நுவரெலியா. அடுத்த நாள் விடியக்காலை ஹோர்ட்டன். இது சரியா அமைஞ்சா அடுத்த மாசம் நக்கில்ஸ் பக்கம், மீமுரே.

தம்பி சொல்றான், "அந்தப் பற்றரியை நம்பி மலை ஏறாதே, வான் பிடி" என்று. கம்பளையில இருந்து நுவரெலியா 57 கிலோமீற்றர். முழு சார்ஜில மீற்றர் 130 காட்டுது. பிறகு என்ன பயம்னு எனக்குத் தோணுது. யார் சொல்றது சரி?

கொழும்பு 13 | வெள்ளி இரவு 10.05

அக்கா, தாராளமா போங்க. நான் புது பிவைடியில கொழும்பிலிருந்து அவிசாவளை, ஹட்டன் வழியா நுவரெலியா போனேன். 60 யூனிட் பற்றரி. போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல மிச்சம். 130 காட்டுற வாகனம் 57 போகாதா?

தலவாக்கலை டிரைவர் | வெள்ளி இரவு 11.20

தம்பி, உங்க பற்றரி வேற, தங்கச்சியோட பற்றரி வேற. அந்த 130 நேத்து கம்பளை டவுன்ல ஓடின கணக்கு. மலையைப் பத்தி அந்த மீற்றருக்கு ஒண்ணும் தெரியாது.

நான் வாங்கின முதல் லீஃப் 24 யூனிட், அப்பவே 8 கோடு. கண்டியில நூறு வீதம் போட்டு, குடும்பத்தோட நுவரெலியா கிளம்பினேன். புசல்லாவை வரைக்கும் சிரிச்சுப் பேசிட்டுப் போனோம். ரம்பொடை சுரங்கம் தாண்டினதும் மீற்றர் 20, 14, 9ன்னு இறங்குது. லபுக்கலைக்கு முன்னால இலக்கமே போய் அந்த இடத்தில '---'ன்னுதான் நிக்குது. பனிமூட்டம் இறங்கி முன்னால போற பஸ்ஸோட சிவப்பு லைட் மட்டும் தெரியுது. கொண்டை ஊசி வளைவுல, பற்றரி முடியப் போகுதுன்னு காட்டுற ஆமை லைட் பத்துச்சு. ஏக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் நடக்கிற வேகம்தான். பின்னால கொழுந்து லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். பிள்ளைகள் அழுவுது.

ரோட்டோரம் ஒரு தேத்தண்ணிக் கடை. அந்தக் கடைக்கார அக்கா ஃபிரிட்ஜைக் கழட்டிட்டு அந்த பிளக்கைத் தந்தாங்க. நாலு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அன்னைக்கு அந்தப் புண்ணியவதி இல்லன்னா ராத்திரி முழுக்க ரோட்டில்தான்.

அதனால தங்கச்சி, கிலோமீற்றரை விடுங்க. எத்தனை மீற்றர் உயரம் ஏறப் போறீங்க என்கிறதைப் பாருங்க.

பேராதனை இஞ்சினியர் | சனி காலை 6.50

டிரைவர் அண்ணை சொன்னதைக் கணக்கில காட்டுறன். ஒருக்கால் விளங்கிக்கொண்டால் பிறகு எந்த மலைக்கும் இதே கணக்குத்தான்.

லீஃப் கிட்டத்தட்ட 1,500 கிலோ. நாலு பேரும் பையளும் 300 கிலோ. மொத்தம் 1,800. இதை 1,000 மீற்றர் உயரத்துக்குத் தூக்க 1,800 × 9.8 × 1,000, அதாவது 176 இலட்சம் ஜூல் வேணும். ஒரு யூனிட் என்டால் 36 இலட்சம் ஜூல். பிரிச்சுப் பாருங்கோ, 4.9 யூனிட். மோட்டரிலயும் வயரிலயும் சூடாகிப் போறதையும் சேர்த்தால் 5.5. ஆகவே 100 மீற்றர் ஏற்றத்துக்கு அரை யூனிட்டும் கொஞ்சமும். ரோட்டு நேரா ஏறினால் என்ன, நூறு வளைவு எடுத்து ஏறினால் என்ன, உயரத்துக்கான இந்தக் கடன் மாறாது.

இப்ப உங்கட பயணம். கம்பளை கடல் மட்டத்திலிருந்து 480 மீற்றர் வரும். நுவரெலியா 1,868. ஏற்றம் 1,390 மீற்றர், அதுக்கு 7.6 யூனிட். மலை ரோட்டில மெதுவாப் போறபடியால் தூரத்துக்கு யூனிட்டுக்கு 7 கிலோமீற்றர் வைக்கலாம். 57ஐ ஏழால பிரிச்சால் 8 யூனிட் சொச்சம். மொத்தம் 15.7. உங்கட பற்றரியில 72 வீதம் என்டால் பாவிக்கக்கூடியது 20 யூனிட் அளவில. நாலு மிச்சம் வரும். ஓம், போகலாம். ஆனால் கண்டியில இருந்து வெளிக்கிட்டால் 77 கிலோமீற்றர், 18 யூனிட்டுக்கு மேல போயிடும். அது ஆபத்து. அதே பயணத்தை டிரைவர் அண்ணையின்ர பழைய 24 யூனிட் பற்றரியில செய்ய வழியே இல்லை. உள்ளுக்கு இருந்ததே 14தான்.

இனி ஹோர்ட்டன். எல்லாரும் அதைத்தான் பெரிய ஏற்றம் என்டு பயப்பிடுறவை. நுவரெலியாவில இருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியா 32 கிலோமீற்றர். சமவெளி 2,100 மீற்றருக்குக் கொஞ்சம் மேல. அதாவது ஏற்றம் 300க்குள்ள. போக 6, வர 4, மொத்தம் 10 யூனிட். நுவரெலியாவில ஒரு நல்ல பிளக் இருந்தால் ஹோர்ட்டன் சுகமான பயணம்.

கம்பளைக்காரி | சனி காலை 8.15

ரொம்ப நன்றி சேர். இதை ஒரு தாளில எழுதி டாஷ்போர்டுல ஒட்டிட்டேன். இறங்கும்போது பற்றரிக்குத் திரும்பி வரும்னு சொல்றாங்களே, எவ்வளவு வரும்?

பேராதனை இஞ்சினியர் | சனி காலை 8.40

ஏறக் கொடுத்ததில பாதிக்குக் கொஞ்சம் மேல வரும், முழுக்க வராது. நுவரெலியாவில இருந்து கம்பளைக்கு இறங்க மொத்தத்தில 4 யூனிட்தான் செலவாகும். ஆகவே திரும்பி வரேக்க அங்க 100 வீதம் போடாதேங்கோ, 60 காணும். பற்றரி நிரம்பி இருந்தால் இறக்கத்தில வாற கரண்டைப் போட இடமில்லை. ரீஜென், அதாவது மோட்டரே வாகனத்தைப் பிடிச்சு அதைக் கரண்டாக்கிறது, வேலை செய்யாது, முழுப் பாரமும் பிரேக் மேலதான் விழும். ரம்பொடை இறக்கத்தில பிரேக் காய்ஞ்சு போன வாகனங்களின்ர கதை எங்க எல்லாருக்கும் தெரியும்தானே. கியரை பி-யில (பார்க் பண்ணுற P இல்லை, ரீஜெனைக் கூட்டுற B) போட்டு இறங்குங்கோ.

கொழும்பு 13 | சனி காலை 9.30

சேர் சொல்றது எனக்கு நடந்திருக்கு. என்னுடையதில வாரம் ஒரு தடவை 100 வீதம் போடச் சொல்லி புத்தகத்தில இருக்கு. அதை நுவரெலியா ஹோட்டலில வைத்துச் செய்தேன். காலையில ரம்பொடை பக்கம் இறங்கினால் வாகனம் பிடிக்கவே இல்லை. ரெண்டு மூணு வளைவுக்குப் பிறகு கருகின வாசம். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் முன் சில்லுப் பக்கம் கை வைக்க முடியாத சூடு. அரை மணி நேரம் ஆற விட்டுத்தான் போனேன். இனிமேல் நூறு வீதம் கொழும்பு வீட்டில மட்டும்தான். முதல்ல நான் அவசரப்பட்டுப் பதில் போட்டுட்டேன் அக்கா, டிரைவர் அண்ணன் சொல்றதைக் கேளுங்க.

ஹட்டன் வயரிங் | சனி பகல் 1.10

எல்லாரும் பற்றரியைப் பத்தியே பேசுறீங்க. நான் இருபது வருசமா இந்தப் பக்கம் வயரிங் செய்றேன். எனக்குப் பயம் பிளக்கைப் பத்தித்தான்.

ஜப்பான் லீஃபோட வர்ற கேபிள் 200 வோல்ட், 15 அம்பியர் கேபிள். அதோட ஜப்பான் பிளக்கை வெட்டிட்டு, இங்க கடையில வாங்கின 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கை மாட்டிடுறாங்க. கேபிள் 15 இழுக்கும், பிளக் தாங்குறது 13. அதுவும் கேத்தல் மாதிரி அஞ்சு நிமிசம் இல்ல, ராத்திரி முழுக்க. நான் கழட்டின பிளக்குகளை ஒரு டின்னில போட்டு வச்சிருக்கேன். ஃபியூஸ் இருக்கிற பக்கத்துக் கால் பழுப்பாகி, பிளாஸ்டிக் மெழுகு மாதிரி இளகி, சொக்கெட்டோட ஒட்டிப் போயிருக்கும்.

தங்கச்சி, உங்க கேபிள்ல அம்பியர் குறைக்க முடியுமா? முடியலன்னா அதை வெளியூருக்குக் கொண்டு போகாதீங்க. 8, 10, 13ன்னு மாத்தக்கூடிய கேபிள் ஒண்ணு கடன் வாங்குங்க. பழைய பங்களாக்கள்ல உருண்டைக்கால் 15 அம்பியர் சொக்கெட் இருக்கும், வயர் தடிப்பா இருந்தா அது நல்லது. அதுக்கும் ஒரு பிளக் கையில வச்சுக்கங்க. எக்ஸ்டென்ஷன் கோட் வேண்டாம். கட்டாயம்னா சுருளை முழுசா அவிழ்த்துப் போடணும், சுத்தி வச்ச வயர் உள்ளுக்குள்ளே சூடாகும்.

இன்னொண்ணு, எர்த். நிறைய இடத்தில மூணு கால் சொக்கெட் இருக்கும், எர்த் வயர் இருக்காது. கேபிள் பெட்டியில சிவப்பு லைட் எரிஞ்சு சார்ஜ் ஏறாது. அப்ப சில பேர் எர்த்தையும் நியூட்ரலையும் ஒண்ணா முறுக்கி அந்த லைட்டை ஏமாத்துவாங்க. தயவு செஞ்சு அதைச் செய்ய விடாதீங்க. நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா வாகனத்தோட உடம்பு முழுக்க 230 வோல்ட் நிக்கும். மழையில ஈரக் காலோட கதவைத் தொடுற பிள்ளைக்கு என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். தோட்டத்தில சொந்தக்காரங்க வீடு இருக்கு, அங்க போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. லயத்து வயரிங் எந்தக் காலத்துதுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு லைனுக்கு ஏதாவது ஆனா பக்கத்து வீடெல்லாம் ஒரே கூரை. மின் ஒழுக்கால லயம் எரிஞ்சதுன்னு செய்தி வர்றப்போ எல்லாம் எனக்கு வயித்தைக் கலக்கும். ஒரு ஃபேன், ஒரு டிவிக்குப் போட்ட வயர் அது. நம்ம வாகனத்துக்காக அந்தச் சனங்க வீட்டை ஆபத்தில போடக் கூடாது.

கம்பளைக்காரி | சனி பகல் 2.00

அண்ணே, நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு. அம்மாவோட தங்கச்சி வீட்டு லயத்திலதான் ஒரு ராத்திரி போடலாம்னு யோசிச்சு வச்சிருந்தேன். இனி அந்த யோசனையே இல்ல. என் கேபிள் நீங்க சொன்ன அதே வெட்டின கேபிள்தான். வீட்டில 16 அம்பியர் நீல சொக்கெட்டில போடுறதால இதுவரைக்கும் தெரியல.

தலவாக்கலை டிரைவர் | சனி மாலை 5.30

என்கிட்ட அம்பியர் மாத்துற கேபிள் இருக்கு. வர்ற வழியில இல்லாட்டியும் பரவாயில்ல, நுவரெலியாவுக்கு நானே கொண்டு வந்து தர்றேன்.

நேரம் எப்படிப் பிரிக்கிறதுன்னும் சொல்றேன். பகல் ஒரு மணிக்குள்ள நுவரெலியா போயிடுங்க. போன உடனே சார்ஜ் போடுங்க. பின்னேரம் ஆறரைக்குக் கழட்டுங்க. ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் ஊரே ஹீட்டரும் அடுப்பும் போடுற நேரம், வோல்ட் இறங்கும், மின்சார சபைக்கும் அதுதான் உச்ச நேரம். பத்தரைக்கு மறுபடி மாட்டிட்டு நாலரை வரைக்கும் விடுங்க.

விடியக்காலை கிளம்புறப்போ வாகனத்துக்குள்ள ஹீட்டரை பிளக் மாட்டியிருக்கும்போதே போட்டுச் சூடாக்கிக்கங்க. ரோட்டுக்கு வந்த பிறகு சீட் ஹீட்டர் மட்டும். ஜனவரி, பெப்ரவரியில அங்க புல்லெல்லாம் உறைபனி விழும். பற்றரி குளிர்ந்திருந்தா ரீஜெனும் குறைவாத்தான் கிடைக்கும்.

முக்கியமானது. இந்த வாகனம் சத்தம் போடாது. ஆறு மணிக்குப் பிரட்டுக்கு (தோட்டத்தில வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம்) போற சனம், ரோட்டில தலைத்துண்டு போட்டுக் குனிஞ்சு நடக்கும். பின்னால வாகனம் வர்றது அவங்களுக்குக் கேக்காது. பனிமூட்டத்தில நமக்கும் அவங்களைத் தெரியாது. லைட்டைப் போட்டு, தூரத்திலேயே ஹோர்னை மெதுவா ஒரு தட்டுத் தட்டுங்க. சமவெளிக்குள்ள மரைக்கும் இதே கதைதான், ரோட்டு நடுவில நின்னு பார்த்துக்கிட்டே இருக்கும்.

பண்டாரவளை கெஸ்ட்ஹவுஸ் | சனி இரவு 8.20

இடம் கொடுக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நான் நாலு அறை வைத்து நடத்துகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஜன்னல் வழியாக வயரை விட்டு சார்ஜ் போட்டார். மெயின் ட்ரிப் ஆகி, மற்ற மூன்று அறையிலும் வெந்நீர் இல்லை. அதற்குப் பிறகு தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச், 16 அம்பியர் நீல சொக்கெட் ஒன்று வாசலில் போட்டேன். இப்போது போன் பண்ணிக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு சந்தோஷமாகக் கொடுக்கிறேன்.

கரண்ட் பில்லைப் பற்றியும் யோசியுங்கள். வீட்டு மீற்றரில் யூனிட் கூடக் கூட விலையும் கூடிய படிக்கு ஏறும். நீங்கள் எடுக்கிற 15 யூனிட், வீட்டுக்காரரின் கடைசிப் படியில்தான் விழும். அவர் "பரவாயில்லை, வேண்டாம்" என்பார், மலையகத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்காக விட்டுவிடாதீர்கள். பிளக்கில் மாட்டுகிற சிறிய யூனிட் மீற்றர் ஒன்று வாங்கிக் கொண்டு போய், அதைக் காட்டிப் பணத்தைக் கையில் கொடுங்கள்.

மாத்தளை மிஸ் | ஞாயிறு காலை 7.10

ஹோர்ட்டனுக்கு வழி கிடைச்சிட்டுது, மீமுரே பத்தி நான் சொல்றேன். லீஃபில போக வேண்டாம்.

காரணம் தூரம் இல்லை. ஹுன்னஸ்கிரியவில திரும்பி, லூல்வத்த, கோர்பட்ஸ் கேப் தாண்டி மீமுரேக்கு இறங்குறீங்க. கிராமம் பள்ளத்துக்குள்ள இருக்கு. போகும்போது மீற்றர் நல்லாவே காட்டும், ஏன்னா இறக்கம். திரும்பி வரும்போதுதான் அந்த உயரம் முழுவதையும் திருப்பிக் கொடுக்கணும். நுவரெலியா பயணத்தில கஷ்டம் முதல்ல வரும், வீடு திரும்புறது சுலபம். இங்க தலைகீழ். கல்லு ரோட்டில லீஃபோட அடிவயிறு தட்டும், பற்றரி இருக்கிறதே அங்கதான். போன் சிக்னலையும் நம்ப முடியாது. சிக்னல் இல்லாட்டி சார்ஜிங் ஆப்பும் வேலை செய்யாது, உதவிக்குக் கூப்பிடவும் முடியாது. வாகனத்தை ஹுன்னஸ்கிரியவில விட்டுட்டு, அந்த ஊர் வான்காரர் ஒருவரைப் பிடிச்சுப் போங்க. அந்த வருமானம் அவங்களுக்குப் போறதும் நல்லதுதான்.

லீஃபிலதான் போகணும்னா எங்க பக்கம் வாங்க. மாத்தளை, ரத்தோட்டை, ரிவர்ஸ்டன். ரோட்டு நல்லது. மாத்தளை 364 மீற்றர்தான், அதனால ஏற்றம் மட்டும் அஞ்சு யூனிட்டுக்குக் கிட்டப் பிடிக்கும், ஆனா வீட்டுக்குத் திரும்புறது இறக்கம். ரிவர்ஸ்டனைத் தாண்டி பிட்டவலப் பத்தனைக்கு இறங்கினா, அந்த இறக்கத்தைத் திரும்ப ஏறணும் என்கிறதை மறக்காதீங்க. அந்தப் புல்வெளியையும் ஓரத்தில இருக்கிற குட்டி உலக முடிவு (மினி வேர்ல்ட்ஸ் எண்ட்) என்ற செங்குத்துப் பள்ளத்தையும் அம்மா அதிகம் நடக்காமலே பார்க்கலாம். ஓணான் கண்ணில பட்டா நின்னு பாருங்க. மூக்கு நுனியில சின்ன இலை மாதிரி இருந்தா, அது உலகத்திலேயே நக்கில்ஸ் மலையில மட்டும் வாழுறது.

கொழும்பு 13 | ஞாயிறு காலை 10.00

மிஸ், ஒன்று கேட்கிறேன். இவ்வளவு பேர் ஹோர்ட்டன் போறாங்க. சமவெளிக்குள்ள இருக்கிற ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்தில நாலு வேகச் சார்ஜர் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லையே. எல்லாரும் சேர்ந்து கேட்டால் என்ன?

மாத்தளை மிஸ் | ஞாயிறு காலை 10.45

தம்பி, எனக்கு அதில உடன்பாடில்லை. ஹோர்ட்டன், நக்கில்ஸ், சிவனொளிபாத மலைக் காடு, மூன்றும் சேர்ந்து 2010ல உலக மரபுரிமை ஆனது. ஒரு வேகச் சார்ஜருக்கு 50 கிலோவாற் வேணும். நாலு வைக்கிறதுன்னா அதுக்குத் தடிச்ச லைன், ட்ரான்ஸ்ஃபோமர், கம்பத்துக்கு வெட்டுற மரம். பிறகு "இங்கதான் சார்ஜ் இருக்கே" என்று வாகனம் எல்லாம் அங்கேயே மணிக்கணக்கா நிக்கும். விடியக்காலையில மரை மேய வர்ற இடம் அது. மேக மூட்டத்திலிருந்து தண்ணியைப் பிடிச்சு மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் கொடுக்கிற மலை அது.

நுவரெலியா டவுனில கேளுங்க, ஹுன்னஸ்கிரிய சந்தியில கேளுங்க, ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேளுங்க. நானும் கையெழுத்துப் போடுறேன். காட்டுக்கு வெளியே சார்ஜ், உள்ளே சும்மா ஓடிட்டுத் திரும்புறது. 32 கிலோமீற்றர்தானே.

பேராதனை இஞ்சினியர் | ஞாயிறு பகல் 12.30

மிஸ் சொல்லுறது தொழில்நுட்பத்திலயும் சரி. வேகச் சார்ஜர் பிரயோசனப்படுற இடம் ஏற்றம் துவங்க முந்தின ஊர். கம்பளை, கித்துல்கல, வெலிமடை, மாத்தளை. மலை உச்சியில வேகமா நிரப்பினால் இறக்கத்தில ரீஜெனுக்கு இடமில்லை என்டு முதலே சொன்னன். மேல வேணுமானது இராத்திரி மெதுவா ஏறுற பாதுகாப்பான 16 அம்பியர் பிளக்.

இன்னொரு சிக்கல், வேகச் சார்ஜர் வயரின்ர முனை. பழைய லீஃபுக்கு சாடெமோ வகை, புது வாகனங்களுக்கு சிசிஎஸ்2 வகை. ஒரு சார்ஜரில ரெண்டு வயரும் இருக்கா, அண்டைக்கு வேலை செய்யுதா என்டு முதல் நாள் போன் பண்ணிக் கேளுங்கோ. ஆப்பில பச்சையாத் தெரியிறதை மட்டும் நம்பி ஏற்றத்தில கால் வைக்காதேங்கோ.

தலவாக்கலை டிரைவர் | ஞாயிறு இரவு 7.00

அதோட பாதையும் கேளுங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ மண் சரிஞ்சு எத்தனை ரோடு அடைபட்டுச்சு, எத்தனை ஊருக்கு நாள் கணக்கா கரண்ட் இல்லாமப் போச்சுன்னு நமக்குத் தெரியும். மழை பிடிச்சா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்திட்டுத்தான் கிளம்பணும். மஞ்சளுக்கே நான் ஹயர் எடுக்க மாட்டேன். பெற்றோல்காரன் சுத்திப் போற வழி 40 கிலோமீற்றர் கூடினா கேன்ல ஊத்திக்குவான். நமக்கு அந்த 40 இருக்காது. மிச்சம் வைக்கிற நாலு யூனிட் அதுக்குத்தான், கடைசி வரைக்கும் அதைத் தொடாதீங்க.

கம்பளைக்காரி | பதினொரு நாளுக்குப் பிறகு, இரவு 8.30

போயிட்டு வந்திட்டோம். எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கேன், அதனால ஒண்ணு விடாம எழுதுறேன்.

கம்பளையில நூறு வீதம். புசல்லாவையில 69. ரம்பொடை ஆஞ்சநேயர் கோயில்ல இறங்கிக் கும்பிட்டோம். லபுக்கலையில தேத்தண்ணி. நுவரெலியா வாசல்ல நிறுத்தினப்போ 21 வீதம். சேர் போட்ட 15.7 யூனிட்டுக்கு எனக்கு 16 போயிருக்கு. வளைவுக்கு வளைவு அந்தத் தாளைப் பார்த்து, எங்க எத்தனை இருக்கணும்னு சரி பார்த்துட்டே போனதால பயமே வரல. மகன்தான் வாசிச்சுச் சொன்னான்.

தங்கின இடத்தில முன்கூட்டியே கேட்டு வச்சிருந்தேன், "ஓ, பிளக் இருக்கு" என்று சொல்லியிருந்தாங்க. போய்ப் பார்த்தா கராஜ் சுவரில ஒரு பழைய சதுரக்கால் சொக்கெட். டிரைவர் அண்ணன் கொண்டு வந்து தந்த கேபிளை 10 அம்பியர்ல போட்டேன். பச்சை லைட், எர்த் இருக்கு. வயரிங் அண்ணன் சொன்னது மனசில கிடந்ததால இருபது நிமிசத்தில போய்த் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. நாற்பது நிமிசத்தில மறுபடி தொட்டேன், விரலை வச்சுப் பத்து எண்ண முடியல. உடனே சுவிட்சை அணைச்சுக் கழட்டினேன். சொக்கெட்டோட இடது ஓட்டையைச் சுத்திப் பழைய பழுப்பு வளையம். யாரோ முன்னாடியே அதில எதையோ சூடாக்கியிருக்காங்க.

வீட்டுக்கார ஐயா நல்ல மனுசன். சமையலறைக்குப் பின்னால வெந்நீர்த் தொட்டிக்குப் போட்டிருந்த உருண்டைக்கால் சொக்கெட்டைக் காட்டினார். வயர் தடிப்பா இருந்தது. அதில 8 அம்பியர் வச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சும் பிளக் கைச்சூடுதான். ஆறரைக்குக் கழட்டி, பத்தரைக்கு மாட்டி, நாலரைக்கு எழும்பிப் பார்த்தா 91 வீதம்.

ஹோர்ட்டனுக்குப் போகும்போது அம்பேவெலயில புல்லு வெள்ளையாக் கிடந்தது. ஹீட்டர் போடல, அம்மா மடியில வெந்நீர் போத்தலைக் கொடுத்தேன். பிளாஸ்டிக் போத்தல் உள்ள விட மாட்டாங்கன்னு சில்வர் போத்தல். பட்டிப்பொல கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில ஒரு ஆண் மரை ரோட்டோரமா நின்னுது. நிறுத்தினேன். என்ஜின் சத்தம் இல்லாததால அது தலையைத் தூக்கிப் பார்த்திட்டு மறுபடி மேய ஆரம்பிச்சுது. புல்லைப் பிய்க்கிற சத்தம் கண்ணாடியை இறக்கினா கேக்குது. அம்மா மூச்சு விடாம பார்த்திட்டு இருந்தாங்க.

உலக முடிவு வரைக்கும் அம்மாவால நடக்க முடியாதுன்னு வீட்டுக்காரரும் மகனும் மட்டும் போனாங்க. நாங்க ரெண்டு பேரும் ஓடைக்கரையில இருந்தோம். "இந்தக் காத்துத்தான் எங்க மலைக்கு வரும், அதை மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்று அம்மா சொன்னாங்க.

நுவரெலியா திரும்பினப்போ 38 வீதம். அன்னைக்கு ராத்திரி 62க்கு நிறுத்திட்டேன். பி-யில போட்டு இறங்கினேன், பிரேக் மிதிச்சது கொஞ்சம்தான். கம்பளையில 41. ரெண்டு நாளுக்கும் சின்ன மீற்றரில 24 யூனிட். ஐயா வேண்டாம்னுதான் சொன்னார், கெஸ்ட்ஹவுஸ் அண்ணன் சொன்ன மாதிரி பணத்தைக் கையில வச்சுட்டு வந்தேன்.

அடுத்தது ரிவர்ஸ்டன், மாத்தளை மிஸ். மீமுரேக்கு வான்தான்.

ஹட்டன் வயரிங் | அதே நாள் இரவு 9.05

தொட்டுப் பார்த்தீங்களே, அது போதும் தங்கச்சி. அந்தக் கராஜ் சொக்கெட்டை என்ன செஞ்சீங்க? அடுத்து வர்றவர் தெரியாம ராத்திரி முழுக்கப் போட்டுட்டுத் தூங்கிடுவார்.

கம்பளைக்காரி | அதே நாள் இரவு 9.20

அந்தப் பழுப்பு வளையத்தை ஐயாவுக்குக் காட்டினேன் அண்ணே. அப்பவே மெயினை அணைச்சிட்டு, சொக்கெட் மேல டேப் ஒட்டினார். நீங்க எழுதினதையும் போன்ல வாசிச்சுக் காட்டினேன். தனி பிரேக்கரோட நீல சொக்கெட் போடுறதுக்கு ஆள் தேடுறார். உங்களால நுவரெலியா வர முடியுமான்னு கேக்கச் சொன்னார்.

ஹட்டன் வயரிங் | அதே நாள் இரவு 9.25

வர்ற செவ்வாய் வர்றேன். மீற்றரில இருந்து கராஜுக்கு எத்தனை அடின்னு கேட்டு வைங்க, வயர் வாங்கிட்டு வரணும்.